மாவ்பியில் நான் வாசித்த பெயர்

சென்ற மாசி மாதம் ரங்கூனுக்குப் போய்வந்தேன். அங்குள்ள தமிழ் வாசகசாலைக்காரர்கள் அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிப் பேச அழைத்திருந்தார்கள். நான் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுப்பவன். அடிமைகளை வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்று ஒரே தேசத்தார் நான்கு வருஷம் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட அந்தக் கதைக்கு என்னிடம் இருபத்திரண்டு மாஜிக் லாந்தர் கண்ணாடிப் படங்கள் இருக்கின்றன. ஊர் ஊராகக் காட்டிக் கைதட்டு வாங்கியதில் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியிருந்தது.

சென்னையில் செவ்வாய் காலை பத்து மணிக்குக் கப்பல். திறந்த தளத்துக்குக் கட்டணம் பதினைந்து ரூபாய். புகைபோக்கிக்குப் பக்கத்தில் பாயை விரிக்காதீர்கள், கரி கொட்டும். ஊறுகாய் கட்டாயம் வேண்டும். இரண்டாம் நாளுக்குமேல் வேறெதுவும் இறங்காது. சனிக்கிழமை காலை எட்டரைக்குக் கரை ஏறினோம். துறையிலிருந்து ரங்கூனின் அலோன் பேட்டைக்கு இரண்டரை மைல். குதிரைவண்டிக்காரர் எட்டணா கேட்டு ஆறணாவுக்கு வந்தார்.

ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு அலோனில் ஓர் அரிசிக் கிடங்கில் கூட்டம். செவ்வாய்க்கிழமை மாவ்பி என்ற ஊரின் அரிசி ஆலையில் இன்னொன்று. படம் தெரிவதற்காக ஜன்னல்களில் சாக்கு தொங்கவிட்டிருந்தார்கள். மூட்டை தூக்குகிற நம் ஆட்கள் இருநூறு பேருக்குமேல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பீரங்கிப் படங்களுக்கு ஆரவாரம். போருக்குப் பிந்திய படங்கள் வந்த பிறகுதான் சத்தம் அடங்கியது. உடைந்த பாலங்களையும் தண்டவாளங்களையும் திரும்பக் கட்டியது, விடுதலையானவர்கள் தாங்களே பள்ளிக்கூடம் வைத்தது, நிலமில்லாததால் பழைய எஜமான் நிலத்துக்கே புதுக் காகிதத்தில் கைநாட்டு வைத்துத் திரும்பியது எல்லாம் சொன்னேன். கடைசிப் படம் ஒரு மாதாகோவில். விற்கப்பட்டுப் பிரிந்துபோன மனைவியை, அண்ணனை, பிள்ளையைத் தேடுகிறவர்களின் கடிதங்களை அங்கே ஞாயிறுதோறும் சத்தமாக வாசிப்பார்கள்.

கூட்டம் கலைந்ததும் ஒரு பெண் வந்தாள். பேச்சி என்று பெயர், இராமநாதபுரம் பக்கம். கணவனோடு வந்து கூலி லைனில் ஆட்களுக்குச் சமைக்கிறவள். வியாழக்கிழமைக் கப்பலில் ஊர் திரும்புகிறாள். நானும் அதே கப்பல்தான்.

“சார், மாவ்பிக்கும் போறீகளாமே. எங்கண்ணன் கருப்பையா ரெண்டு வருசத்துக்கு முந்தி இங்கேருந்து அங்கிட்டுப் போச்சுன்னு கேள்வி. மேஸ்திரிகிட்ட சொல்லிக்காமப் போயிருச்சு. தாக்கல் ஒண்ணுமில்ல. ஊர்ல மதினியத் தாலிய அறுத்துப்போடச் சொல்லி நச்சரிக்கிறாக. நான் போனா என்னத்தான் கேப்பா. தாலி இருக்கட்டும்னு சொல்லவா, கழட்டுன்னு சொல்லவா? விசாரிச்சுட்டு வாங்க சார்.”

விசாரிக்கிறேன் என்றேன். முன்பணம் கொடுத்து ஆள் கட்டிவருகிற மேஸ்திரியிடம் சொல்லாமல் போனதாக அவள் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

செவ்வாய் காலை ஏழரைக்கு ரயில். முப்பது மைல், மூன்றாம் வகுப்பு பத்தணா. இரண்டு பக்கமும் அறுத்த வயல். மாவ்பி ஸ்டேஷன் வாசலில் பர்மியப் பெண்கள் மொஹிங்கா விற்கிறார்கள். சேமியா மேல் மீன்குழம்பு, கிண்ணம் இரண்டணா. மீன் உண்பவர்கள் தவறவிடக் கூடாது. அங்கிருந்து அரிசி ஆலை முக்கால் மைல், நடந்தே போகலாம்.

ஆலை லைனில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவர் கழுத்திலும் பெயரும் எண்ணும் வெட்டிய தகர வில்லை தொங்கும். ஆள் இறந்தால் வில்லை இறப்பதில்லை. அடுத்து வருகிறவன் கழுத்தில் மாட்டி, அன்றுமுதல் அவனை அந்தப் பெயராலேயே கூப்பிடுகிறார்கள். வேடிக்கையாக இருக்கிறதே என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். புத்தி அதற்குமேல் ஓடவில்லை.

ஒரு மணிக்கு ஆலைக் கொட்டகையில் படம் காட்டினேன். முதல் வரிசை நாற்காலியில் ஆலைக் கணக்கு பார்க்கிற கிராணி. மாதாகோவில் படம் வந்ததும் எனக்கு ஒரு யோசனை. இங்கேயே வாசித்துக் காட்டினால் எவ்வளவு பொருத்தமாக இருக்கும்!

“அலோனிலிருந்து வந்த கருப்பையா. தங்கை பேச்சி தேடுகிறாள். இங்கே இருக்கிறாரா?”

ஒருவரும் அசையவில்லை. கிராணிதான் திரும்பினார். “எந்தக் கருப்பையா? அலோன் மேஸ்திரிகிட்டேருந்து ஓடினவனா?”

“அப்படி ஆளே இங்க கெடயாதுங்க,” என்றார் பின்னால் ஒருவர். கொட்டகை முழுக்கத் தலையாட்டியது. ஊர் ஒற்றுமையைப் பாருங்கள் என்று நினைத்துக்கொண்டு லாந்தரை அணைத்தேன்.

நாலு இருபது ரயிலுக்கு லாந்தர் பெட்டியைத் தூக்க ஒரு ஆள் வந்தார். வில்லையில் வேலு என்று இருந்தது. பிளாட்பாரத்தில் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, “பேச்சி எளச்சுட்டாளா சார்?” என்று கேட்டார்.

அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தேன்.

“வேலு காய்ச்சல்ல போயிட்டான். அவன் பேருல நான் இருக்கேன். முன்பணம் வாங்கிக் கைநாட்டு வச்சவன் ஓடிப்போனா செயிலு சார். ரெண்டு வருசமா ஒரு பய கருப்பையான்னு கூப்பிட்டதில்ல. இன்னைக்கு நீங்க கூப்பிட்டுட்டீக. கிராணி அலோனுக்கு ஆள் அனுப்பிட்டாரு.”

“நீங்கள்...?”

“நான் இனி லைனுக்குப் போக மாட்டேன். தாலி இருக்கட்டும்னு சொல்லச் சொல்லுங்க.” நாலணாவை நீட்டினேன், வாங்கவில்லை. தண்டவாளத்தைத் தாண்டி வயலில் இறங்கி நடந்தார். ஒரு சமயம் நின்று வில்லையைக் கழற்றி எறிந்தது மட்டும் தெரிந்தது. நான் வெட்கத்தோடு ரயிலேறினேன்.

வியாழக்கிழமை கப்பலில் பேச்சியிடம் சேதியைச் சொன்னேன். “ஆள் இருக்கா! அது போதும் சார்,” என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: “இப்ப எங்க இருக்கு? மதினிக்கு ஒரு கடுதாசி போடலாமுல்ல?”

செவ்வாய் மாலைவரை அவருக்கு ஒரு விலாசம் இருந்தது. நான் நடந்ததைச் சொன்னேன். அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு தளத்தின் மறுகோடிக்குப் போய்விட்டாள், அது நியாயம்தான்.

போகிறவர்களுக்கு: மாசியில் போங்கள், மழை இல்லை. அம்மை குத்திய சீட்டைக் கையிலேயே வைத்திருங்கள். சொந்தக்காரரைத் தேடித் தரச் சொல்லி யாராவது பெயர் கொடுத்தால், பெட்டி தூக்க வருகிறவரிடம் தனியாகக் கேளுங்கள்; மேடையில் வேண்டாம். அந்த மாதாகோவில் கடிதங்கள் விடுதலை கிடைத்த பிறகு வாசிக்கப்பட்டவை. இருபத்திரண்டு படம் வைத்திருந்தும் எனக்கு அது உறைக்கவில்லை.

இந்தக் கட்டுரையில் உள்ள ஆட்பெயர்களில் ஒன்றுகூட உண்மையானதில்லை. மாவ்பியும் வேறு ஊர்தான்.