ஸ்னேருக்கும் ஆம்புக்கும் ஒரே மைக்

எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சர்ச்சில் ட்ரம்ஸ் அடிப்பது நான்தான். கிழமை நாட்களில் எனக்குப் பிள்ளை மடுவத்தில் வேலை. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் விட்டுப் போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கையில் குச்சிதான். தம்பி எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பான். புளத்கொகுபிட்டிய டவுனில் த்ரீவீல் ஆட்டோ ஓட்டுகிறான்.

போன வருடம் நத்தார்ப் பண்டிகைக்கென்று நாங்களே ஒரு பாட்டுக் கட்டினோம். ஆசையாகப் போனில் ரெக்கோட் பண்ணிக் கேட்டால் அழுகை வந்தது. என் ஸ்னேர் ட்ரம் பிஸ்கட் டின்னைத் தட்டுகிற மாதிரி கேட்டது. தம்பியின் கிட்டாரோ பக்கத்து லயத்து வீட்டில் யாரோ வாசிக்கிற மாதிரி. அதற்குப் பிறகு பாட்டுக் குழு கூடிப் பேசி, நல்ல மைக் ஒன்று வாங்குவதென்று முடிவானது. ஒன்றே ஒன்று. ஸ்னேருக்கும் கிட்டார் ஆம்புக்கும் அதுவேதான் உதவ வேண்டும். எடுத்து வருகிற பொறுப்பு எனக்கும் தம்பிக்கும்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடித்துப் பார்த்தே வாங்கவென்று, த்ரீவீலின் பின்சீட்டில் கிட்டாரின் ஸ்பீக்கர் பெட்டியான ஆம்பை ஏற்றி, அதன் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்து, ஸ்னேரை மடியில் வைத்துக்கொண்டேன். வளைவுக்கு வளைவு அதன் அடிக் கம்பிகள் சிலிர்த்துச் சத்தம் போட்டன.

"அதக் கொஞ்சம் அமுக்கிப் புடிக்கா, வண்டிதான் கழண்டுருச்சோன்னு பயமா இருக்கு" என்றான் தம்பி.

கேகாலை டவுனில் நாங்கள் போன வாத்தியக் கடை முதலாளி சிங்களவர். நாங்கள் ட்ரம்மும் ஆம்பும் சுமந்து நுழைந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டார். விசயத்தைச் சிங்களத்தில் சொன்னதும் அவருக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. கடையில் நின்ற ட்ரம்ஸ் செட்டில் அவருடைய ஸ்னேரை எடுத்துவிட்டு என்னுடையதை வைத்தார். மேசையில் மூன்று மைக்குகளை அடுக்கி, கம்ப்யூட்டரில் ரெக்கோட் பண்ணிக் கேட்க ஹெட்போனும் தந்தார்.

முதலாவது பளபளப்பான கண்டென்சர் மைக், சின்னச் சத்தத்தையும் விடாத ரகம். தம்பி "ஹலோ" என்றதுமே ரேடியோக்காரர் பேசுவதுபோல் இருந்தது. "இதுதான்க்கா!" என்று துள்ளினான். நான் ஸ்னேரில் ஓங்கி ஒன்று போட்டேன். திருப்பிக் கேட்டால் அடிச் சத்தம் கிழிந்து கரகரத்தது. அதற்குப் பின்னால் வெளியே போன பஸ்ஸின் ஹோர்னும் துல்லியமாக விழுந்திருந்தது. எங்கள் சர்ச்சுக்குத் தகரக் கூரை. மழை வந்தால் என்ன கதி?

இரண்டாவது டைனமிக் ரகம், பாடுகிறவர்கள் பிடிக்கிற உருண்டைத் தலை மைக். எவ்வளவு ஓங்கி அடித்தாலும் தாங்கியது. ஆனால் ஸ்னேருக்கும் பக்கத்தில் நிற்கிற ஹை-ஹேட் தாளத் தட்டுக்கும் நடுவில் அந்தத் தலை நுழையவில்லை. என் குச்சி இரண்டு தடவை அதன் மண்டையிலேயே விழுந்தது. முதலாளி கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்றாவதும் டைனமிக்தான். கறுப்பு, ஒல்லி, தட்டைத் தலை, பார்க்க ஒன்றுமில்லை. தம்பி பேசிப் பார்த்து மூஞ்சியைச் சுளித்தான்.

"வேணாக்கா. குரலே மெலிஞ்சு போகுது."

"பேசவா வாங்குறோம்? அடிச்சுப் பாப்போம்டா."

மைக்கை ஸ்னேரின் விளிம்புக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில், தோலின் நடுவைப் பார்க்கச் சாய்த்து வைத்தோம். அதன் முதுகு ஹை-ஹேட் பக்கம் இருக்கட்டும் என்றேன். பின்னாலிருந்து வரும் சத்தத்தை இந்த மாதிரி மைக் அதிகம் வாங்காது என்று யூடியூபில் பார்த்திருந்தேன். முதலாளி கையைத் தட்டி, "கஹன்ன நங்கி, பய வென்ன எபா!" என்றார். அடி தங்கச்சி, பயப்படாதே என்கிறார். அடித்தேன்.

ஹெட்போனில் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. குச்சி தோலில் விழுகிற அந்த "டப்", கீழே கம்பிகளின் சிலிர்ப்பு, எல்லாம் என் காதுக்குள்ளேயே நடந்தன. ஹை-ஹேட் எங்கேயோ தள்ளி நின்றது. ஹெட்போனைத் தம்பியின் தலையில் மாட்டினேன். அவன் வாயைத் திறந்தவன் மூடவில்லை.

அடுத்து ஆம்ப். தம்பி ஹெட்போனைக் கழற்றாமலே கடைக் கிட்டார் ஒன்றை எடுத்து வாசித்தான். மைக்கை ஸ்பீக்கரின் நடுவுக்கு நேரே வைத்தபோது காதைக் குத்துகிறது என்றான். ஸ்பீக்கர்த் துணியை ஒட்டியபடியே ஓரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினேன். ஓரிடத்தில் குத்தல் அடங்கி, சத்தம் திரண்டு வந்தது.

"நில்லு, நில்லு! அங்கயே வையி!" என்று கத்தினான் தம்பி. "அக்கா, இது நம்ம ஆம்புதானா?"

முதலாளியும் வாங்கிக் கேட்டுவிட்டு "நியமாய்!" என்று தொடையில் தட்டினார். பிரமாதம் என்கிறார். அந்தக் கறுப்பு மைக்கை எடுத்துக்கொண்டோம்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் சர்ச்சிலேயே இரவல் கம்ப்யூட்டர் ஒன்றில் ரெக்கோடிங் தொடங்கினோம். ஒரே மைக் என்பதால் முதலில் கிட்டார், பிறகு ஸ்னேர். தம்பி போனில் ஓடுகிற தாள எண்ணிக்கையைக் காதில் கேட்டபடி வாசித்தான். பாதியில் மழை பிடித்துக்கொண்டது. தகரம் அதிர்ந்தது. எல்லாம் போச்சு என்று எங்கள் குழுவின் பாட்டுக்கார அக்கா நெற்றியில் கைவைத்தார். நிறுத்தாதே என்று நான் தம்பிக்குச் சைகை காட்டினேன்.

போட்டுக் கேட்டோம். கிட்டார்தான் முன்னால் நின்றது. மழை தூரத்தில் யாரோ அரிசி புடைப்பதுபோல, இருந்தும் இல்லாமலும் இருந்தது. அக்கா எழுந்து ஆடியேவிட்டார்.

பிறகு என் முறை. தம்பியின் கிட்டாரைக் காதில் கேட்டுக்கொண்டே அடித்தேன். அடித்து முடித்து இரண்டையும் சேர்த்துக் கேட்டபோதுதான் பல்லவி வந்ததும் நான் ஓடுகிறேன் என்று தெரிந்தது. கிட்டாரை விட்டுவிட்டு ட்ரம் மட்டும் வேகமாகப் போகிறது. இத்தனை நாள் ஒருவரும் சொன்னதில்லை, எனக்கும் கேட்டதில்லை. வெட்கத்துக்குப் பதில் சிரிப்பு பொங்கியது.

"எப்பவுமே இப்படித்தான் ஓடுவேனாடா?"

"பல்லவி வந்தா ஒனக்கு சந்தோசம் தாங்காதுக்கா" என்றான்.

திரும்ப அடித்தேன். அதற்குப் பிறகும் அடித்தேன். கடைசியில் கிட்டாரும் ஸ்னேரும் ஒன்றாக விழுந்தபோது, ஒரு ஹெட்போனைப் பாட்டுக் குழு முழுவதும் மாறி மாறிப் பிடுங்கிக் கேட்டது. கடையில் நடந்ததை எங்களிடம் கேட்டிருந்த அக்காவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. மைக்கைத் தாங்கியோடு தன் பக்கம் இழுத்து, தொண்டையைச் செருமி, "சரி, என் குரல் மெலிஞ்சாலும் பரவால்ல, போடுங்க!" என்றார்.