அவன் சொன்ன பத்து நிமிடம்

ரொட்டிக் கடையின் பின்கட்டில் அடுப்பைப் பார்த்துக்கொள்பவள் அவள். கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் மணிக்கூண்டு. நேரம் ஆகாமல் அடுப்புக் கதவில் முதலாளியே கை வைத்தாலும், "கொஞ்சம் பொறுங்கய்யா" என்று நிறுத்திவிடுவாள். வருகிற மாதம் முதல் அடுப்படி முழுக்க அவள் பொறுப்பு என்று பேச்சாகியிருந்தது.

இரண்டு பிள்ளைகளுக்குப் பிறகு, கருத்தடை மாத்திரை விழுங்கினால் அவளுக்குக் குமட்டியது. அதனால் சுகாதார நிலையத்து நர்சம்மா பிறப்புறுப்புக்குள் வைக்கும் விந்துக்கொல்லி மாத்திரையைக் கொடுத்தார். வைத்த பிறகு அது கரையப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். "இது மட்டும்னா தப்பிப்போக நிறைய வாய்ப்பிருக்கு. ஆணுறையும் சேத்துக்கோங்க" என்றார்.

ஆணுறை என்றதும் கணவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். "பத்து நிமிஷந்தானே, நான் காத்திருக்கேன், போதுமா?" அந்த ஒரு வார்த்தையில் அவள் மனம் குளிர்ந்துவிட்டது.

பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருக்கும் மதிய வேளைதான் அவர்களுக்கு வாய்க்கும். கண்ணாடியைக் கழற்றினால் சுவர்க்கடிகாரம் அவளுக்கு வெறும் வெள்ளைத் தட்டு.

"ஆச்சா?" என்று கண்ணை மூடியபடி கேட்பாள்.

"ஆச்சு, ஆச்சு" என்பான்.

இப்போது நாள் தள்ளிப்போய், சோதனையிலும் உறுதியாகிவிட்டது.

"காத்திருந்தீங்களா?" என்று கேட்டார் நர்சம்மா.

"ஒவ்வொரு தடவையும். அந்த விஷயத்துல அவர் தங்கம்."

"நேரம் பாத்தது யாரு?"

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

வீட்டில் கணவன் மின்விசிறியைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"பத்து நிமிஷம் ஆச்சுன்னு சொல்வீங்களே, கடிகாரத்தப் பாத்தா சொன்னீங்க?"

திருப்புளியை நிறுத்தாமலே சிரித்தான். "அந்த நேரத்துல எவன்டி கடிகாரம் பாப்பான்? ரெண்டு நிமிஷமோ மூணு நிமிஷமோ. நீதான் பூனைக்குட்டி மாதிரி கண்ண மூடிப் படுத்திருப்பியே."

"உங்கள நம்பிப் படுத்திருந்தேன்."

"இப்ப என்ன குடியா முழுகிப்போச்சு? மூணாவதும் வரட்டும். அடுப்ப வேற எவளாவது பாத்துக்குவா."

வெறும் அவசரம் என்றால் திட்டித் தீர்த்திருப்பாள். அந்தக் கடைசிப் பேச்சை அப்படி விட முடியவில்லை. இத்தனை நாள் அவள் பொறுப்புக்கு வரப்போவதைக் கேட்டுத் தலையாட்டியவனும் இவன்தான்.

புடவைத் தலைப்பில் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

"நாளைக்கு மறுபடியும் நர்சம்மாவப் பாக்கப் போறேன். என்ன செய்யறதுன்னு நான் முடிவு பண்ணணும். நீங்களும் வாங்க."

"நான் எதுக்கு?"

"வெளியில காத்திருக்க. அங்க சுவர்ல பெரிய கடிகாரம் இருக்கு. இந்தத் தடவை நேரத்த நான் பாத்துக்கறேன்."

திருப்புளி நின்றது.