சத்தம் போட்டால்தான் வேலை

அந்த லேப்டாப்பின் மூடியைத் திறந்தால் எழுத்துகளுக்கு அடியில் சிவப்பு விளக்கு எரியும். கேம் ஆடுவதற்காகவே என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன்பு வாங்கியது. சில நேரம் உள்ளேயிருக்கும் ஃபேன் போர்வெல் மோட்டார் மாதிரி இரையும். சில நேரம் அது ஓடுகிறதா என்று கையை வைத்துத்தான் பார்க்க வேண்டும். இந்த இரைச்சலை வைத்துத்தான் வீட்டில் யார் உழைக்கிறார்கள், யார் ஏமாற்றுகிறார்கள் என்று என் மாமியார் முடிவு செய்துவந்தார். சூளகிரிப் பக்கம் தோட்டத்தில் தக்காளி போட்டுக்கொண்டிருந்தவர். மோட்டார் சத்தத்தைக் கேட்டே தண்ணீர் ஏறுகிறதா, வெறுமனே ஓடுகிறதா என்று சொல்லிவிடுவாராம். மாமனார் போன பிறகு ஓசூருக்கு, எங்கள் வாடகை வீட்டுக்கு வந்திருந்தார்.

நான் தேனிப் பக்கத்துக்காரி. பெங்களூரில் ஒரு அலுவலகத்துக்கு மருத்துவமனை பில்களைச் சரிபார்க்கும் வேலையை வீட்டிலிருந்தே செய்தேன். காலையில் லேப்டாப் என் வீட்டுக்காரருக்கு, மதியத்துக்கு மேல் எனக்கு. என் வேலைக்கு அது மூச்சுகூட விடாது. அத்தைக்கு அதுதான் சந்தேகம். "அவன் தொட்டா மிஷினு என்னா சத்தம் போடுது. நீ தொட்டா தூங்குது. நெஜமா வேலைதான் செய்யறியா?" என்பார். கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டிக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார். திரையில் எண்கள் தெரியும். எண்களை அவர் நம்பவில்லை. நான் யாரோடோ பேசிக்கொண்டிருந்துவிட்டு, அவர் வரும்போது மட்டும் எண்களைக் கொண்டுவருகிறேன் என்று நினைத்தார்.

அவர் வீட்டில் பேசுவது தெலுங்கு. தங்கையோடு போனில் பேசும்போது "கோடலிக்கி பனி லேது" என்று அடிக்கடி காதில் விழும். ஓசூரில் அப்போது விடியற்காலையில் எதிர்வீடு தெரியாத பனி. அதைத்தான் சொல்கிறார் என்று இருந்துவிட்டேன். பக்கத்து வீட்டு அக்காதான் சிரித்துவிட்டு, "தெலுங்குல பனின்னா வேலைம்மா. மருமகளுக்கு வேலை இல்லைங்கறாங்க" என்றார். அதன் பிறகு அந்த வீட்டில் பேசப்பட்ட ஒவ்வொரு தெலுங்கு வாக்கியமும் என்னைப் பற்றியதாகவே கேட்டது.

என் வீட்டுக்காரர் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருந்தார். அவருடைய லைனில் ஆர்டர் குறைந்துவிட்டது, கொஞ்ச நாளைக்குக் கோப்பு வேலையை வீட்டிலிருந்தே பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். மாதம் பிறந்தால் சம்பளம் என்று ஒரு தொகையை என் கையில் கொடுத்தார். திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி, காதில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்துவிடுவார். ஃபேன் இரையத் தொடங்கியதும் அத்தை டிவி சத்தத்தைக் குறைப்பார். நான் பாத்திரம் கழுவினால், "மெதுவா. அவன் வேலை செய்யறான்" என்பார்.

ஒரு மதியம் நல்ல மழை. கரண்ட் போய்விட்டது. பேட்டரி கண்ணெதிரே இறங்கிக்கொண்டிருந்தது, பில்களோ பாதிகூட முடியவில்லை. என் டீமில் இருந்த பெண்ணைப் போனில் கூப்பிட்டேன். அவள் சொன்னாள்: "உங்க லேப்டாப்ல படம் காட்டறதுக்கு ரெண்டு இருக்கும். பிராசஸருக்குள்ளயே ஒண்ணு, அது சாதுவானது. தனியா ஒரு கிராபிக்ஸ் கார்டு, அதுதான் பேட்டரியத் தின்னும், சூடாகும், ஃபேனை ஓடவிடும். செட்டிங்ல தனி கார்டை ஆஃப் பண்ணிட்டு உள்ள இருக்கறத மட்டும் வெச்சுக்கோங்க." அவள் சொன்னபடி மாற்றி, லேப்டாப்பை ஒருமுறை அணைத்துப் போட்டேன். கரண்ட் வரும்வரை பேட்டரி தாங்கியது.

போனை வைக்கும் முன் ஒன்று கேட்டேன். கம்பெனிக் கோப்பு, எக்செல் இதற்கெல்லாம் அந்தத் தனி கார்டு வேண்டுமா? "எதுக்குங்க? கேம், பெரிய டிசைன் வேலை, இதுக்குத்தான் அது" என்றாள். காலை முழுக்க எங்கள் வீட்டில் கேட்கும் இரைச்சல் என்னவென்று அப்போதுதான் யோசித்தேன். மாலையிலேயே பழையபடி மாற்றி வைத்திருக்கலாம். மாற்றவில்லை. என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது.

மறுநாள் காலை அவர் உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே மேசையைத் தட்டும் சத்தம். "இதுல யாரு கை வெச்சது? ஒண்ணுமே ஓடமாட்டேங்குது, வேலை கெடுது" என்றார். நான் மாற்றியதைச் சொன்னேன். அத்தை துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார்.

"அவளுக்கு நேத்து ஓடுச்சே?"

"என் வேலை வேறம்மா. டிசைன் பெருசா இருக்கும்."

"நீ குவாலிட்டிலதான இருக்க? டிசைன் எப்பலேந்து?"

அத்தை மேசையைச் சுற்றிப்போய் லேப்டாப்பை எங்கள் பக்கம் திருப்பினார். துப்பாக்கியோடு ஒருவன் பாதி ஓட்டத்தில் உறைந்து நின்றான்.

"லைனை மூடிட்டாங்கம்மா" என்றார் அவர். "எங்களையெல்லாம் அப்பவே நிறுத்திட்டாங்க." சம்பளம் என்று எனக்குக் கொடுத்தது, கணக்கு முடித்துக் கம்பெனி கொடுத்த தொகையிலிருந்து. காலையில் எழுந்தால் போவதற்கு இடமில்லை, சொல்வதற்கு வாய் வரவில்லை, அதனால் ஆடிக்கொண்டிருந்தேன் என்றார்.

அத்தை திட்டவில்லை. முதலில் கேட்டது, "இவளுக்குத் தெரியுமா?" என்றுதான். அவர் இல்லை என்று தலையாட்டினார். அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். அதையும் நம்பியதாகத் தெரியவில்லை.

பொங்கலுக்குப் பிறகு என் வீட்டுக்காரருக்குக் குருபரப்பள்ளிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அந்தப் பக்கமே குடிபோக ஓசூர் வீட்டைக் காலி செய்வதற்கு முன் ஒருநாள் நானும் அத்தையும் பிதுக்கம்பருப்புக் குழம்புக்காக ஊறிய அவரையைப் பிதுக்கிக்கொண்டிருந்தோம். அவராகவே சொன்னார். "எனக்கு ஆயுத பூசையிலயே தெரியும். கம்பெனியில குடுத்த ஸ்வீட்டுன்னு கொண்டுவந்தான். டப்பா மேல கம்பெனி பேரு இல்ல. கடையில வாங்கினது."

"அப்புறம் ஏன் அத்தை என்னையே கேட்டுக்கிட்டு இருந்தீங்க?"

"உன்னக் கேட்டா கோவமா ஒரு பதில் சொல்லுவ. அவனக் கேட்டு, அவன் ஆமான்னு சொல்லிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

அப்போது அதை அப்படியே நம்பினேன். அவர் மேல் இரக்கம்கூட வந்தது. பிறகுதான் யோசித்தேன். ஆயுத பூஜைக்கு முன்பே, எங்கள் வீட்டுக்கு வந்த புதிதிலேயே, அவர் என்னைக் கேட்கத் தொடங்கிவிட்டாரே. மகனுக்காகப் பயந்து என்னைச் சந்தேகப்பட்டாரா, என்னைச் சந்தேகப்பட்டதற்கு மகனைக் காரணமாக்கினாரா, எனக்கு இன்றுவரை தெரியாது.

இப்போது அத்தை காவேரிப்பட்டினத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். எனக்கு அலுவலகமே தனியாக ஒரு லேப்டாப் கொடுத்துவிட்டது. யாரும் பின்னால் வந்து நிற்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தை போன் செய்வார். என்னை இப்போது எதுவும் கேட்பதில்லை.

"வேலைக்கு ஒழுங்காப் போறானா?"

"போறாரு அத்தை."

"அவன் சொல்றானா, நீ பாத்தியா?"

"பாத்தேன்" என்பேன். அது பொய்யில்லை. தினமும் காலையில் துணி காயப்போடுகிற சாக்கில் மொட்டைமாடிக்குப் போகிறேன். கம்பெனி பஸ் வந்து நிற்கிறது, அவர் ஏறுகிறார், ஜன்னலோரம் உட்காருகிறார். பஸ் நெடுஞ்சாலைக்குத் திரும்பும்வரை நான் கீழே இறங்குவதில்லை.