ஏழாம் நம்பர் மீன்

மாமா கட்டாரில் இருந்து முதல்முறை லீவில் வந்தபோது எனக்கு எட்டு வயது. தம்பிக்கு மூன்று வயது நிறைய இன்னும் சில வாரங்கள் இருந்தன. அம்மாவின் ஒரே சகோதரரான அவர், தன் மருமகனை அதுவரை கைப்பேசியில் மட்டும்தான் பார்த்திருந்தார். வருகிற விஜயதசமியன்று அவனுக்கு ஏடு தொடக்குவதென்று வீட்டில் முடிவாகியிருந்ததால், லீவைத் தள்ளிப்போட்டு, சரஸ்வதி பூசை தொடங்குகிற நாளாகப் பார்த்து நாவற்குடாவில் வந்து இறங்கினார்.

பயணப் பெட்டிக்குள் இருந்து சவர்க்காரம், பால்மா, அம்மாவுக்குச் சேலை என்று ஒவ்வொன்றாக வந்து, கடைசியில் ஒரு மீன் பிடிக்கும் விளையாட்டு வந்தது. நீலத் தட்டு ஒன்றில் பத்துப் பிளாஸ்டிக் மீன்கள். ஒவ்வொன்றும் ஒரு புளியங்கொட்டையை விடக் கொஞ்சம் பெரிது. முதுகில் ஒன்று முதல் பத்து வரை எண்கள், வாயில் பயறளவு காந்தம். சின்னத் தூண்டிலைக் கிட்டக் கொண்டுபோனால் மீன் துள்ளி வந்து ஒட்டிக்கொள்ளும்.

அப்பா, நாங்கள் ஆறு என்று சொல்லும் வாவியில் வலை போடுகிறவர். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"கட்டார்ல இருந்தா மீன் கொண்டந்த மச்சான்? எங்கட ஆத்து மீன் காணாதா?"

"இது விளையாட்டுச் சாமான் இல்ல மச்சான், படிப்புச் சாமான். இதால புள்ளைகள் கணக்குப் படிக்குமாம், கடைக்காரன் சொன்னவன்" என்றார் மாமா. அதைத் தேடி ஒரு வெள்ளிக்கிழமை விடுமுறை முழுவதும் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறார். விளையாட்டுப் பெட்டியில் இருந்த பொடி எழுத்துகளை அவரும் வாசிக்கவில்லை, நாங்களும் வாசிக்கவில்லை. மூலையில் சிவப்பு வட்டத்துக்குள் ஒரு குழந்தை முகமும் அதன்மேல் குறுக்குக் கோடும் இருந்தன. அழுகிற பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது என்று அதற்கு நான்தான் விளக்கம் சொன்னேன். படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள்.

படிப்புச் சாமான் என்ற சொல் எனக்குள் வேலை செய்யத் தொடங்கியது. அந்த வருடம் எனக்கு ஏழாம் வாய்ப்பாடு ஏறவே இல்லை. ரீச்சர் கேட்டால் ஏழு மூன்று வரைக்கும் நிமிர்ந்து நிற்பேன், அதற்கு மேல் நிலத்தைப் பார்ப்பேன். சரஸ்வதி படத்துக்கு முன்னால் புத்தகங்களை வெள்ளைத் துணியில் கட்டி வைக்கும்போது, ஏழு என்று எழுதிய மீனைக் கணக்குக் கொப்பிக்குள் செருகினேன். விளையாட்டுச் சாமான் எதையும் பூசையில் வைக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். அதனால் ஒருவருக்கும் சொல்லவில்லை. விஜயதசமி காலைக்கு முன் அந்தக் கட்டை அவிழ்த்தால் படித்ததெல்லாம் போய்விடும் என்று வகுப்பில் எல்லாருக்கும் தெரியும்.

அடுத்த நாள் பின்னேரம் மாமாவும் தம்பியும் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முடிவில் எண்ணிப் பார்த்தால் ஒன்பதுதான் இருந்தது, ஏழாம் நம்பரைக் காணவில்லை. பாயைத் தூக்கி உதறினார்கள், அலுமாரிக்குக் கீழே தும்புத்தடியை விட்டுத் துழாவினார்கள். நான் பூசைக் கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் அம்மா தம்பியைப் பார்த்தாள். கையில் அகப்படுவதையெல்லாம் வாயில் வைக்கிற பிள்ளை அவன்.

"மீன முழுங்கிற்றியா மனே?"

"ஓம்" என்றான் தம்பி, வயிற்றைத் தட்டிக் காட்டி.

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. அப்பா ஓட்டோ பிடிக்க ஓடினார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அம்மா கண்ணகி அம்மனுக்கு நேர்த்தி வைத்துக்கொண்டே வந்தாள். தம்பி மட்டும் ஓட்டோச் சவாரியை நன்றாக அனுபவித்தான்.

நான் ஏன் சொல்லவில்லை என்று இன்று என்னையே கேட்கிறேன். தம்பி 'ஓம்' என்று சொன்னதும், அவன் வேறு ஏதோ மீனை விழுங்கியிருப்பான் என்று நானே நம்பத் தொடங்கிவிட்டேன். கூடவே கட்டை அவிழ்க்க நேருமே என்ற பயமும் இருந்தது.

எக்ஸ்ரே எடுத்தார்கள். டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "காந்தமெண்டா வெள்ளையாத் தெரியும் அம்மா. ஒண்டும் இல்ல" என்றார்.

"அவன் ஓம் எண்டு சொன்னவன் ஐயா. இன்னொருக்கா எடுத்துப் பாருங்க."

டொக்டர் தம்பியின் பக்கம் குனிந்தார். "தம்பி, ஆனை முழுங்கினீங்களா?"

"ஓம்."

தாதி சிரித்துவிட்டாள். அம்மா சிரிக்கவில்லை. "அப்ப அந்த ஏழாம் நம்பர் மீன் எங்க ஐயா போன?" என்று கேட்டாள். சந்தேகமாக இருந்தால் வாட்டில் சேர்த்து, இரவு வைத்திருந்து பார்க்கலாம் என்றார் டொக்டர். வாட் என்றதும் அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்தேன். படித்ததெல்லாம் போனால் போகட்டும் என்று அப்போதுதான் துணிவு வந்தது.

"அது வீட்டதான் கிடக்கு. சரஸ்வதிக்கு முன்னால, என்ட கணக்குக் கொப்பிக்குள்ள."

கன்னத்தில் விழப்போகிற அடிக்காகக் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. அம்மா என்னை இழுத்து, என் உச்சியில் முகத்தைப் புதைத்து, சத்தம் போட்டு அழுதாள். பிறகு சிரித்தாள், மறுபடியும் அழுதாள். அப்பா டொக்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றார்.

மாமா சுவரோடு சரிந்து நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். முகத்தைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க அழுதார். அவ்வளவு பெரிய மனிதர் அழுது நான் பார்த்ததில்லை. "அழாதீங்க மாமா, மீன் உடையல்ல" என்று ஆறுதல் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கால் கழுவி, கற்பூரம் கொளுத்தி, பூசைக் கட்டைத் தானே அவிழ்த்து மீனைக் கண்ணால் கண்டபிறகுதான் தண்ணீர் குடித்தாள். விஜயதசமியன்று தம்பி மாமாவின் மடியில் இருந்து அரிசியில் 'அ' எழுதினான். பூசை பாதியில் கலைந்ததாலோ என்னவோ, ஏழெட்டு எத்தனை என்று நான் இன்றைக்கும் விரல் மடக்கித்தான் பார்க்கிறேன்.

இரண்டு வருடம் கழித்து மாமா மறுபடி லீவில் வந்தார். இந்த முறை என்ன படிப்புச் சாமானோ என்று நானும் தம்பியும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அவர் காற்றுப் போன ஒரு பந்தை எடுத்து, மூச்சு வாங்க வாங்க ஊதினார். அது தம்பியின் இடுப்பளவு உயரத்துக்கு வந்து நின்றது. எழுத்து இல்லை, எண் இல்லை, ஒரு படம்கூட இல்லை.

"இதுல என்ன மாமா படிக்கிற?"

"ஒண்டும் இல்ல புள்ள. கடையில இருந்த எல்லாத்தையும் பாத்தன். இதுதான் வாய்க்குள்ள போகாது."

தம்பிக்கு அப்போது ஐந்து வயது. எதையும் வாயில் வைக்கிற பழக்கம் எப்போதோ போயிருந்தது. பிள்ளைகளுக்குச் சாமான் வாங்க மாமாவுக்குக் கொஞ்சமும் தெரியாது என்று அம்மாவிடம் முறைப்பாடு சொல்ல, நான் எழுந்து குசினிக்குப் போனேன்.