பவுடர் பூசிய இன்ஜின்

என் மகளின் பவுடர் டப்பாவை எடுத்துப் போய் ஒரு கார் இன்ஜினுக்குப் பூசினேன் என்றால் இன்று யாரும் நம்பமாட்டார்கள். சைனிக்புரி வீட்டு வாசல், ஞாயிற்றுக்கிழமைக் காலை. பக்கத்தில் மண்ணெண்ணெய் மணக்க என் மாமனார் நின்றுகொண்டிருந்தார்.

மாமனார் வேலூர்க்காரர். திருமுல்கேரியில் ராணுவப் பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் பேத்தியைத் தன் பழைய காரில் போலாரத்துப் பள்ளிக்கு அழைத்துப் போவார். நானும் கணவரும் மென்பொருள் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள்; அவருக்கோ அந்த அரைமணி நேரம்தான் நாளின் திருவிழா. ஆனால் கார் ஒழுகியது. வாசல் சிமெண்டில் தினமும் ஒரு கறுப்பு வட்டம். "இந்த மாசத்துக்குள்ள நிக்கலேன்னா வித்துடலாம்பா" என்று என் கணவர் சொல்லிவிட்டார். இன்ஜினின் அடியிலிருக்கும் எண்ணெய்த் தொட்டிக்கு மாமனார் மூன்று முறை கேஸ்கெட், அதாவது ஒழுகாமல் அடைக்கும் தகடு, மாற்றினார். ஒவ்வொரு முறையும் போல்ட்டை இன்னும் ஒரு சுற்று முறுக்கினார். அது பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருந்தது.

எனக்குக் காரை ஓட்ட மட்டும்தான் தெரியும். ஆனால் அடுத்தவர் எழுதிய புரோகிராமில் தப்பு தேடுவதுதான் என் பிழைப்பு. கீழே சொட்டினால் கோளாறும் கீழேயேதான் இருக்க வேண்டுமா என்ன? இன்ஜினைத் துடைத்துப் பவுடர் தூவினால் எண்ணெய் வரும் வழி தெரியும் என்று இணையத்தில் யாரோ எழுதியிருந்தார்கள். சொன்னேன். "நக்கோம்மா, வேணாம், அடியிலதான் ஒழுகுது" என்று மறுத்தவர், பிறகு என் முகத்துக்காகச் சம்மதித்தார்.

பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டோம். இன்ஜினின் உச்சியை மூடியிருக்கும் தலைமூடியின் பின்பக்கத்தில் தொடங்கி அடிவரைக்கும், வெள்ளைப் பவுடரில் விரல் அகலத்துக்கு ஒரு கறுத்த ஈரக் கோடு. "பாருங்க மாமா" என்றேன். குனிந்தார், இன்னும் குனிந்தார், மூக்கு படும் அளவுக்குப் போனார். "ஆமாம்மா, இங்கதான்" என்று விரலை வைத்தார். அவர் விரல் வைத்த இடம் காய்ந்திருந்தது.

இந்தக் கண்ணை வைத்துக்கொண்டா என் குழந்தையைத் தினமும் கூட்டிப் போனார்? கத்தியே இருப்பேன். ஆனால் அவர் இன்னும் அந்தக் காய்ந்த இடத்திலேயே விரலை வைத்துக்கொண்டிருந்தார். அதைப் பிடித்து ஈரத்தின் மேல் வைத்தேன். விரலில் பட்ட எண்ணெயைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "அவன்கிட்ட சொல்லாதேம்மா. வண்டிய வித்துருவான்" என்றார்.

"நானே பக்குவமா சொல்றேன் மாமா. வண்டி எங்கேயும் போகாது. டாக்டர்கிட்ட போவோம். நாளையிலேருந்து நான் ஓட்டறேன், நீங்க பக்கத்துல உக்காந்துக்குங்க."

சாவியை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

தலைமூடியின் கேஸ்கெட்டை மாற்றியதும் ஒழுகல் நின்றது. வண்டி வீட்டில் தங்கியது. கண்தான் தங்கவில்லை, நரம்பு கெட்டிருந்தது, இரண்டே வருடத்தில் முழுவதும் போனது. அதற்குள் கார் வேறொரு இடத்தில் ஒழுக ஆரம்பித்திருந்தது. காலையில் ஏறும்முன், "தரை காஞ்சிருக்காம்மா?" என்று கேட்பார். அவர் வருவதற்குள் துடைத்துவிட்டு, "ஒரு சொட்டு இல்ல மாமா" என்பேன்.

இன்று எங்கள் வாசலில் நிற்கும் புது வண்டி ஒழுகுவதில்லை. தரை காய்ந்திருக்கிறதா என்று கேட்க அவரும் இல்லை. மகளின் கடைசிப் பரீட்சையன்று அவளைப் பள்ளியில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது, பக்கத்து சீட்டிலிருந்து அவர் சொன்னதைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

"நீ தெனம் தொடச்சிட்டு வர்றது எனக்குத் தெரியும்மா. கையில ஆயில் வாசனை வருதே. நீ ஒரு சொட்டு இல்லேன்னு சொல்றது கேக்க நல்லாருந்துச்சு, அதான் கேட்டுட்டே இருந்தேன்."