அடுக்களைச் சுவரில் இருந்த போன்

பத்தாம் வகுப்போடு நின்றுபோனவள் நான். கடிதம் தவிர வேறொன்றும் எழுதியதில்லை. நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கவே கூசுகிற ஒருத்தி, முகம் தெரியாத இத்தனை பேருக்கு எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் உள்ளேயே கிடந்து புளித்துவிட்டது. அதை எங்கே கொட்டுவதென்று தெரியவில்லை.

எங்கள் வீடு குழித்துறையிலிருந்து உள்ளே தள்ளி, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஒரு பள்ளத்தில் இருக்கிறது. செல்போனில் பேச வேண்டுமென்றால் புறவாசல் தென்னை மரத்தடியில் போய் நின்று கத்த வேண்டும். அதனால் கம்பி போன் இன்னும் எங்கள் வீட்டில் உண்டு. அது அடுக்களையில் இருந்தது. நான் கேட்டு வைத்ததல்ல. பின்பக்கத்துக் கம்பத்திலிருந்து வயர் வந்ததால், லைன்மேன் தன் சௌகரியத்துக்கு அடுக்களைச் சுவரில் பெட்டியை அடித்துவிட்டுப் போனார். அவர் அறியாமல் செய்த அந்தக் காரியம்போல எனக்கு வேறு யாரும் ஒரு உபகாரம் செய்ததில்லை. சுவரைப் பார்த்து நின்றுகொண்டு பேசலாம். யாருக்கும் என் முகம் தெரியாது. அடுப்பில் ஏதாவது கொதிக்கும். அந்தச் சத்தத்துக்குள் என் சத்தம் அடங்கிவிடும்.

பேசுவது ஒருத்தியிடம்தான். மயிலாடியில் கட்டிக்கொடுத்த என் அக்காவிடம். அவள் என்னைவிட வாயில்லாப் பூச்சி. அவள் வீட்டை ஒட்டிக் கல்பட்டறை இருக்கிறது. சாப்பாட்டு நேரம் முடிந்து உளிகள் மறுபடியும் அடிக்கத் தொடங்கும்போதுதான் கூப்பிடுவாள். அந்த இரைச்சலில் அவள் பேசுவது மருமகள் காதில் விழாது.

இந்த வருஷம் அவள் என்னிடம் ஒரு காரியம் சொன்னாள். தீட்டு நின்று ஆறேழு வருஷம் ஆன பிறகு மறுபடியும் ரத்தம் படுகிறது. மகனிடம் சொல்ல வெட்கம். மருமகளிடம் சொல்ல பயம். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் தினமும் கெஞ்சினேன். மூன்று வாரம் கெஞ்சிய பிறகு, "வியாழக்கிழமை கூப்பிட்டுச் சொல்லுதேன் பிள்ளே, போவமா வேண்டாமான்னு" என்றாள்.

புதன்கிழமை போனை இடம் மாற்றிவிட்டார்கள்.

என் மகன் மஸ்கட்டில் ஏசி வேலை பார்க்கிறான். அம்மாவுக்கு நல்ல அடுக்களை கட்டிக் கொடுக்க வேண்டுமென்பது அவன் ஆசை. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அடுக்களையில் நிற்பது நான். எங்கே என்ன வர வேண்டுமென்று என்னிடம் ஒருத்தரும் கேட்கவில்லை. காண்டிராக்டர் காலையில் வருவார்; அண்ணன் பெண்சாதியைப்போல என்னை மைனி என்றுதான் கூப்பிடுவார். புறவாசலில் சிக்னல் கிடைக்கிற இடத்தில் நின்று, வீடியோவில் மகனைக் கூப்பிட்டு, செல்போனைக் கதவு வழியாக உள்ளே நீட்டுவார். மகன் அங்கிருந்து சொல்லச் சொல்ல, மேஸ்திரி சுவரில் பென்சிலால் கோடு போடுவார். என் வேலை, "மைனி, அந்த இடத்துல ஒண்ணு கை வச்சுக் காட்டுங்க, சாருக்குத் தெரியல்ல" என்றால் போய்க் கை வைப்பது. அடையாளத்துக்கு வைத்த ஆணி போல நின்றேன்.

புதன்கிழமை போன் பெட்டிமேல் கை வைக்கச் சொன்னார்கள். வைத்தேன்.

"அது வேண்டாம். அங்க டைல் ஒரே சீரா வரணும்" என்றான் மகன். "ஹால்ல டிவி பக்கம் கொண்டு போங்க."

"மக்கா, அது இங்கேயே கெடக்கட்டும்" என்றேன். என் சத்தம் செல்போன் வரை போகவில்லை போலிருக்கிறது. காண்டிராக்டர்தான் எடுத்துச் சொன்னார்.

மகன் சிரித்தான். "அடுக்களையில யாராவது போன் வைப்பாவளா அம்மா? இனி சோபால இருந்து ராணி மாதிரி பேசுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு என்மேலேயே வருகிற கோபம் அடங்குவதில்லை.

ஹாலில் என் வீட்டுக்காரர் இருப்பார். கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனுஷன். ஆனால் அவர் காதில் மத்தியானம் விழுந்தது சாயங்காலம் சாயாக்கடையில் இருக்கும். முப்பது வருஷம் பஸ்ஸில் கத்திப் பழகியவருக்கு ரகசியம் என்பதே ஒரு பாரம்.

வியாழக்கிழமை போன் அடித்தது. அவர் டிவியின் சத்தத்தை முழுவதும் குறைத்தார். "மெதுவாப் பேசு. ஒண்ணும் அவசரம் இல்ல" என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார். வாசற்படியில் டைல்காரர் இரண்டு பேர் சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏட்டி, பக்கத்துல ஆளு உண்டா?" என்றாள் அக்கா.

"ம்."

"சாப்பிட்டியா?"

"ம்."

"அந்தக் காரியம்..."

"ம்."

"பின்ன ஒருநாள் பேசலாம்" என்று வைத்துவிட்டாள்.

"என்னவாம் ஒனக்க அக்காளுக்கு?" என்றார் அவர்.

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாததுக்கா போன் பண்ணினா? நம்ம வீட்டு மீன்காரி இதவிட பேசுவா."

வெள்ளிக்கிழமை அவள் கூப்பிடவில்லை. சனிக்கிழமையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிட்டேன். மருமகள் எடுத்து, "அத்த படுத்திருக்காவ, ஒறங்கட்டு" என்றாள். மத்தியானம் படுக்கிற பழக்கம் அக்காவுக்குக் கிடையாது. நேரில் போயிருக்கலாம் என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். வராந்தாவில் அடுப்பை வைத்து ஐந்து வேலைக்காரர்களுக்குச் சாயா போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அக்காவைவிட அவர்களுடைய சாயா பெரிதாகிவிட்டது.

திங்கட்கிழமை எலக்ட்ரீஷியனிடம் போய் நின்றேன். "தம்பி, போன் பெட்டிய பழைய இடத்துலயே வச்சுத் தரணும்."

அவர் சுவரைப் பார்த்தார். டைல் ஒட்டி முடிந்திருந்தது. "துளை போட்டா டைல் கீறும். சார்ட்ட கேக்கணும்."

காண்டிராக்டரிடம் சொன்னேன். "சாருக்க ஆர்டர் இல்லாம தொட்டா நாளைக்கு எனக்கச் சட்டையைப் பிடிப்பாரு மைனி" என்றபடி புறவாசலுக்குப் போய்க் கூப்பிட்டார். செல்போன் கதவு வழியாக உள்ளே வந்தது. மகனின் முகம் அதில்.

"அம்மா, திரும்பத் திரும்ப அதையே சொல்லாதீங்க. ஹால்ல என்ன கொறச்சல்?"

என்ன குறைச்சல் என்று அத்தனை ஆண்கள் நடுவில் எப்படிச் சொல்வேன்? சொல்ல முடியாததுதான் குறைச்சல். சொல்ல முடிந்திருந்தால் எனக்கு அந்தச் சுவர் எதற்கு?

மூலையில் தேங்காய் உடைக்கிற வெட்டுக்கத்தி கிடந்தது. எடுத்தேன். கத்தியின் பின்புறத்தால் பழைய பெட்டி இருந்த இடத்தில் ஓங்கி ஒரு அடி. டைல் விரிந்தது. இன்னொரு அடி. உதிர்ந்து மேடையில் விழுந்தது. பக்கத்து டைலும் சேர்ந்து போனது.

"அம்மா, என்ன செய்யுதீங்க?"

"நான் எங்க நின்னு வாய் திறக்கணும்னு நீ மஸ்கட்ல இருந்து சொல்லண்டாம் மக்கா" என்றேன். இந்தத் தடவை என் சத்தம் செல்போன் வரை போனது. ஹாலிலிருந்து எழுந்து வந்த என் வீட்டுக்காரர் நிலைப்படியில் நின்று பார்த்தார். பிறகு ஹாலுக்குத் திரும்பிப் போய் டிவியைப் போட்டார்.

காண்டிராக்டர் செல்போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, எலக்ட்ரீஷியனிடம், "மைனி சொல்லுத இடத்துல வை" என்றார். இரண்டு டைல் போன பிறகுதான் அந்த வீட்டில் என் பேச்சு கேட்டது. பன்னிரண்டு மணிக்குள் பெட்டி பழைய இடத்துக்கு வந்துவிட்டது. ஹால் வரை இழுத்த வயரைச் சுருட்டி வெளியே போட்டார்கள்.

உளி அடிக்கிற நேரம் பார்த்து அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டுக் கூப்பிட்டேன். அக்காவே எடுத்தாள்.

"ஆளு உண்டா?"

"இல்ல. சொல்லு."

அழுதாள். பிறகு சொன்னாள். இந்த நாலு நாளில் மூன்று தடவை பட்டிருக்கிறது. முன்னைவிட அதிகம். படுக்கை விரிப்பை யாரும் காணாமல் துவைத்திருக்கிறாள். வியாழக்கிழமை, போகலாம் என்று சொல்லத்தான் கூப்பிட்டாளாம். நான் "ம்" "ம்" என்றதைக் கேட்டு, எனக்கும் சலித்துவிட்டது என்று நினைத்துவிட்டாள்.

ஒரே சீராக டைல் வருவதற்காக நாலு நாள். மகனுக்கு நான் இதைச் சொல்லவில்லை. சொன்னால் வருத்தப்படுவான், மன்னிப்பும் கேட்பான். கேட்டால் நான் பொறுத்துக்கொள்ள வேண்டிவரும். அதற்கு எனக்கு இப்போது மனசில்லை.

"நாளைக்குக் காலம்பற நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டுல நிப்பேன், வா" என்றேன்.

"மருமவகிட்ட என்ன சொல்ல?"

"தங்கச்சிக்கு முட்டு வலி, தொணைக்குப் போறேன்னு சொல்லு."

மறுநாள் இருவரும் நாகர்கோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெண் டாக்டர் பார்த்தார். சதை கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். அக்காவை மயிலாடி பஸ்ஸில் ஏற்றிவிட்டு நான் வீட்டுக்கு வந்தேன். அந்தப் பத்து நாள் இன்னும் முடியவில்லை; உளி அடிக்கிற நேரமானால் அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டுப் போன் பக்கத்தில் போய் நிற்கிறேன்.