பூதத்தின் இரண்டாவது அடி

பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எப்போது கிளம்பலாம் என்று சொல்லும் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஓட்டுநர்கள் கெஞ்சுவார்கள், கத்துவார்கள், டீ வாங்கி வைப்பார்கள். டீயைக் குடித்துவிட்டு, "உனக்கு முன்னாடி நிக்கறவன் போகட்டும்" என்பார். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அதே ஆள் சாப்பாட்டு மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்து கதை விளையாட்டு நடத்துவார். கதைக்குள் ஆளுக்கொரு வேடம். தையல்கடைக்குப் போகும் அவர் மனைவி வில்லாளி, அவள் தம்பி வாள்வீரன், பக்கத்துத் தெரு மருந்துக்கடைக்காரர் மந்திரவாதி. காடும் குகையும் எதிரிகளும் டைம்கீப்பர் பொறுப்பு. சண்டை வந்தால் எல்லோரும் பகடை உருட்ட வேண்டும். பெரிய எண் போட்டவர் முதலில். சண்டை முடியும்வரை அந்த வரிசை மாறாது. எதிரிகளுக்கும் சேர்த்து ஆளுக்கொரு துணி கிளிப்பை வரிசைப்படி ஒரு அட்டையின் விளிம்பில் மாட்டி, யார் முறையோ அந்த கிளிப்மேல் விரலை வைத்துக்கொள்வார்.

சில மாதங்களாக அந்த விரல் தடுமாறியது. பகடை உருட்டக் கையை எடுத்தால், திரும்ப எங்கே வைப்பது என்பது மறந்துவிடும். டாக்டர் அந்த மறதிக்கு ஒரு பெயர் சொல்லியிருந்தார். வீட்டில் யாரும் அதை உச்சரிப்பதில்லை. வண்டிச் சாவியை மச்சினன் வாங்கிக்கொண்டான். அடுப்பை அவரைத் தொடவிடுவதில்லை. மிச்சமிருந்தது கதை நடத்தும் அந்த நாற்காலிதான். அதையும் பிடுங்கிவிட்டால் மனிதர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பார் என்பதே மனைவியின் கவலை. விரல் தப்பான இடத்தில் இறங்கினால், "நான்தாங்க குழப்பிட்டேன்" என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு வழிக்குக் கொண்டுவருவாள்.

அன்று மருந்துக்கடைக்காரர்தான் மெல்ல ஆரம்பித்தார்.

"அண்ணே, இந்தத் தனித்தனி முறை எதுக்கு? நாங்க மூணு பேரும் ஒரு தடவை அடிக்கறோம். அப்புறம் எதிரிங்க எல்லாம் ஒரு தடவை அடிக்கட்டும். யாரும் எதையும் ஞாபகம் வெச்சுக்க வேணாம்."

கடைசி வார்த்தை வாயை விட்டுப் போனதும் அவருக்கே சுருக்கென்றது. அவள் தட்டைத் துடைப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டாள்.

டைம்கீப்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது சண்டை இல்லப்பா, கசாப்பு. முதல்ல அடிக்கற கும்பல் அடிச்சே முடிச்சிரும், அடுத்தவன் கைய ஓங்கறதுக்குள்ள அவனுக்குப் பாடை கட்டிரும். ஒருத்தன் அடிச்சதப் பாத்துட்டு இன்னொருத்தன் யோசிக்கணும். ஓடறதா, நிக்கறதா, கூட இருக்கறவனக் காப்பாத்தறதான்னு. அந்த யோசனைதான் ஆட்டமே."

"மாத்திரைக்கு மட்டும் வேளை வெச்சிருக்காரு, சண்டைக்கு வேணாமாம்" என்று மருந்துக்கடைக்காரரைக் காட்டி மச்சினன் சிரித்தான்.

"சரிண்ணே, தோத்துட்டேன்" என்றார் மருந்துக்கடைக்காரர். பழைய ஆள் திரும்பி வந்துவிட்டதைப்போல அவள் கணவனையே பார்த்தாள்.

சண்டை தொடங்கியது. முதலில் வாள்வீரன், அடுத்து பூதம், பிறகு வில்லாளி, கடைசியில் மந்திரவாதி. மச்சினன் வாள் வீசினான். பூதம் திரும்பி வில்லாளியை அறைந்தது. அவளிடம் உயிர் கொஞ்சம்தான் மிச்சம். அடுத்தது அவள் முறை. பாறைக்குப் பின்னால் தாவலாம் என்று வாயெடுத்தாள்.

அவர் விரல் பூதத்தின் கிளிப்பிலேயே திரும்ப இறங்கியது. "பூதம் கைய ஓங்குது." பகடை உருண்டது. பெரிய எண்; வில்லாளி அதைத் தாங்க மாட்டாள்.

"மாமா, பூதம் இப்பத்தானே..."

மேசைக்கடியில் தம்பியின் காலை மிதித்தாள்.

அவர் விரலைப் பார்த்தார். மூவர் முகத்தையும் பார்த்தார். "ஏன், அதோட முறைதானே?"

எத்தனையோ வருஷமாக அவள் சாகவிடாமல் காத்துவந்த வில்லாளி. இல்லை என்று ஒரு வார்த்தை போதும். "ஆமாங்க" என்றாள். "நான்தான் அம்பு விட்டேனே. படல."

மருந்துக்கடைக்காரர் அவளை ஒருமுறை பார்த்தார். "நானும் மந்திரத்தப் போட்டு வீணாக்கிட்டேண்ணே."

"என் வாளும்தான் மாமா" என்றான் தம்பி, மேசையைப் பார்த்தபடி. "காத்துலதான் வீசினேன்."

டைம்கீப்பரின் முகம் தெளிந்தது. "ஆமா, ஆமா. அம்பு மரத்துல போய்க் குத்துச்சு. பட்டுப்போன மரம். நான்தானே சொன்னேன்."

எய்யாத அம்பு குத்திய மரத்தை அவர் கண்ணால் கண்டதுபோல் சொல்லிக்கொண்டிருந்தார். வில்லாளி செத்ததைவிட அதுதான் அவள் நெஞ்சை அறுத்தது.

"பொண்டாட்டின்னு பாக்க முடியாது. விதி விதிதான்" என்று அவளுடைய கிளிப்பைக் கழற்றினார்.

"யாரு பாக்கச் சொன்னா? செத்தவளுக்கு உங்க எதிர்ல என்ன வேலை?" நாற்காலியை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

விரல் அட்டைக்கு மேலே அந்தரத்தில் நின்றது. வெகுநேரம் நின்றது. அவர் திரும்பாமல், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "அடுத்தது யாரு?" என்றார்.

"மந்திரவாதி."

"மந்திரவாதி!" என்று அதட்டலாக அறிவித்தார்.

மருந்துக்கடைக்காரர் இருவரையும் பார்க்காமல் பகடையை எடுத்தார்.